பொருளில் குறை இல்லை, சான்றுதான் எல்லை தாண்டவில்லை

கேள்வி: வணக்கம் ஐயா. பதினான்கு ஆண்டுகளாக மேசை மின்விசிறி தயாரித்து வருகிறேன். பக்கத்து நாட்டு இறக்குமதியாளர் ஒருவர் மூன்று வருடமாக என்னிடம் வாங்குகிறார். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். தரநிலை எண்ணும் ஒன்றுதான். எங்கள் நாட்டு ஆய்வகத்தின் சோதனை அறிக்கையை வைத்தே இதுவரை சரக்கு உள்ளே போனது. இப்போது அங்கே மின்விசிறிக்குக் கட்டாயச் சான்று என்று புது விதி வந்திருக்கிறது. 1,200 விசிறிகள் எல்லையில் சுங்கக் கிடங்கில் நிற்கின்றன. உங்கள் அறிக்கை செல்லாது என்று வாய்ச்சொல்லாகத்தான் சொல்கிறார்கள். உள்ளூர் தயாரிப்பாளர்களைக் காப்பாற்றத்தானே இந்த விதி? அவர்களுக்கென்று தனி மாடல் செய்ய வேண்டுமா? மூன்றாவது நாடு வழியாக அனுப்பினால் தப்பிக்கலாம் என்கிறார் என் மைத்துனர். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று வருடம் ஒழுங்காகப் போன சரக்கு திடீரென்று நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் சோதனை ஆய்வகத்திலும் அப்புறம் ஏற்றுமதியாளர்களுக்கு ஆலோசகராகவும் இருந்த காலத்தில், இதே கடிதம் எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. ஒருமுறை பம்புக்கு, ஒருமுறை பொம்மைக்கு, ஒருமுறை மின்கம்பிக்கு. பொருள்தான் மாறும், கதை மாறாது.

கிடங்கில் நிற்கும் சரக்குக்குத் தினமும் கட்டணம் ஏறுகிறது. அதனால் அதை முதலில் பார்ப்போம். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு நீங்கள் எதுவுமே செய்ய முடியாது. எந்த விதியின் எந்தப் பிரிவின்படி, எந்தக் காகிதம் இல்லை என்பதால் சரக்கு நிறுத்தப்பட்டது என்று இறக்குமதியாளர் மூலம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்க வேண்டியவர் அவர்தான். அந்த நாட்டுச் சுங்கத்தின் முன் சரக்குக்குப் பொறுப்பாளர் அவர், நீங்கள் அல்ல. அப்படியே விதி வெளியான நாள், நடைமுறைக்கு வந்த நாள், உங்கள் சரக்கு கப்பலிலோ லாரியிலோ ஏறிய நாள், இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். குறிப்பிட்ட தேதிக்கு முன் புறப்பட்ட சரக்குக்கு விலக்கு என்று புதிய விதிகள் பலவற்றில் ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அது கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். உங்கள் கடிதத்தில் தேதிகள் இல்லாததால் அந்த வரி உங்களுக்குப் பொருந்துமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பொருந்தினால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மைத்துனர் சொன்ன வழி வேண்டாம். இந்த மாதிரி விதி, பொருள் எந்தப் பாதையில் வந்தது என்று பார்ப்பதில்லை. எந்தச் சந்தையில் விற்கப்படுகிறது என்றுதான் பார்க்கிறது. மூன்றாவது நாடு வழியாக வந்தாலும் அதே சான்றைத்தான் கேட்பார்கள். அதற்குள் யாராவது தயாரான நாட்டின் பெயரை மாற்றி எழுதிவிட்டால், சான்று இல்லை என்ற சாதாரணச் சிக்கல் சுங்கக் குற்றமாகிவிடும். மூன்று வருடமாக உங்களை நம்பி வாங்குகிறவரையும் அதில் இழுத்து விடுவீர்கள்.

இனி அடிப்படைக்கு வருகிறேன். தரநிலை எண் ஒன்றுதான், பிறகு ஏன் செல்லாது என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பது ஒன்று. அப்படித்தான் இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது என்பது இன்னொன்று. அந்த நிரூபணம் யார் கையிலிருந்து வந்தால் ஏற்பார்கள் என்பது மூன்றாவது. அண்டை நாடுகளுக்கு நடுவே சிக்கல் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் வருகிறது. ஆனால் தயாரிப்பாளர்கள் அவசரத்தில் முதலாவதில் போய்க் கை வைக்கிறார்கள். ஒரு தயாரிப்பாளரை எனக்கு நினைவிருக்கிறது. அறிக்கை திரும்பி வந்ததும் மோட்டாரில்தான் குறை என்று முடிவு செய்து, சுருள் கம்பியிலிருந்து எல்லாவற்றையும் மாற்றினார். ஐந்து மாதம் போனது. புது அறிக்கையும் திரும்பி வந்தது. அவருடைய மோட்டாரில் எந்தக் காலத்திலும் குறை இருந்ததில்லை. ஆய்வகத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பொருளுக்கான தரநிலை இல்லை, அவ்வளவுதான். இதை எழுதும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் அந்த ஐந்து மாதம் மிஞ்சியிருக்கும்.

அதனால் அந்தப் பக்கத்தை நீங்கள் படியுங்கள். சோதனை ஆய்வகங்களுக்கான தரநிலை ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 (ஐஎஸ்ஓ, ஐஇசி இரண்டும் சர்வதேசத் தரநிலைகளை வெளியிடும் அமைப்புகள்). எங்களிடம் 17025 அங்கீகாரம் இருக்கிறது என்று ஆய்வகம் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் எந்தெந்தச் சோதனைக்கு என்பது சான்றிதழோடு வரும் இணைப்பில்தான் இருக்கிறது. உங்கள் பொருளுக்கு அந்த இணைப்பில் இரண்டு எண்கள் இருக்க வேண்டும். ஒன்று ஐஇசி 60335-1, வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்புக்கான பொதுப் பகுதி. மற்றொன்று ஐஇசி 60335-2-80, மின்விசிறிக்கான தனிப் பகுதி. முதல் எண் இருந்து இரண்டாவது இல்லாவிட்டால், அந்த அறிக்கை மின்விசிறியைப் பொறுத்தவரை அங்கீகாரம் பெற்ற அறிக்கை ஆகாது.

எண்ணைப் பார்த்தபின் வருடத்தையும் பாருங்கள். 60335-1-இன் ஐந்தாம் பதிப்பு 2010-இல் வந்தது, ஆறாம் பதிப்பு 2020-இல். ஒரு நாடு பழைய பதிப்பிலேயே இருக்கும், பக்கத்து நாடு புதியதற்கு மாறியிருக்கும். இரண்டு பேரும் எங்களுடையது சர்வதேசத் தரநிலைதான் என்பார்கள், இரண்டு பேர் சொல்வதும் சரி. உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த வருடம் இருக்கிறது? புது விதியில் எந்த வருடம்? இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால், உங்கள் நிலைமைக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

அப்புறம் தேசிய மாறுபாடுகள். சர்வதேசத் தரநிலையை எடுத்துக்கொள்ளும்போது நாடுகள் தங்களுக்கென்று சில வரிகளைச் சேர்க்கின்றன. மின்விசிறியில் முதலில் பார்க்க வேண்டியது பிளக். மின்னழுத்தம் ஒன்றாக இருந்தாலும் பிளக்கின் ஊசி உருண்டையா தட்டையா, உள்ளே ஃபியூஸ் வேண்டுமா வேண்டாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அடுத்தது மொழி. பயன்படுத்தும் முறை, எச்சரிக்கை எல்லாம் பொருள் விற்கப்படும் நாட்டின் ஆட்சிமொழி ஒன்றில் இருக்க வேண்டும் என்று 60335-1-ஏ கேட்கிறது. இதை வணிகத் தடை என்று நான் சொல்ல மாட்டேன். விசிறியைச் சுத்தம் செய்யும் முன் பிளக்கைக் கழற்றுங்கள் என்பது வாங்குகிறவருக்குப் புரிய வேண்டும்.

லேபிளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நிறையப் பேர் இதில்தான் தோற்கிறார்கள். ஆய்வகத்தில் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து லேபிளைக் கையால் 15 விநாடி தேய்ப்பார்கள். அடுத்து பெட்ரோலிய ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் இன்னொரு 15 விநாடி. அதற்குப் பிறகும் எழுத்தைச் சுலபமாகப் படிக்க முடிய வேண்டும், லேபிளின் ஓரம் சுருளக் கூடாது. மோட்டார் சூடேறுகிறதா, மின்கசிவு உண்டா, பாதுகாப்புக் கூண்டின் இடைவெளியில் சோதனை விரல் (மனித விரல் வடிவில் செய்த கருவி) நுழைகிறதா என்று எல்லாவற்றிலும் தேறிய ஒரு விசிறி, இரண்டாவது துணியின் ஆறாவது தேய்ப்பில் வோல்ட் எண்ணைத் துணியிலேயே விட்டுவிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்து நாட்டு மொழிக்காக அவசரமாகப் புது லேபிள் அடிக்கிறவர்கள் பழைய மையையும் பழைய ஒட்டுத்தாளையும் மாற்றிவிடுகிறார்கள். நீங்கள் புது லேபிள் அடித்தால் உங்கள் பட்டறையிலேயே முதலில் தேய்த்துப் பாருங்கள்.

தனி மாடல் வேண்டுமா என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. பிளக்கும் லேபிளும் கையேடும் மாறலாம். விசிறியை மாற்றும் வேலையை இப்போது தொடங்காதீர்கள்.

இது நம்மைத் தடுக்க வந்த விதியா என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அண்டை நாட்டின் விதி நம்முடையதிலிருந்து வேறாக இருக்கிறது என்பதாலேயே அது சூழ்ச்சி ஆகிவிடாது. பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து கட்டிய இத்தைப்பூ அணையை எடுத்துக்கொள்ளுங்கள். பராகுவேயில் 50 ஹெர்ட்ஸ், பிரேசிலில் 60. அதனால் அந்த அணையின் 20 மின்னாக்கிகளில் பத்து 50 ஹெர்ட்ஸுக்கும் பத்து 60 ஹெர்ட்ஸுக்கும் அமைக்கப்பட்டன. பராகுவே தன் பங்கில் பயன்படுத்தியது போக மீதியைப் பிரேசில் வாங்குகிறது. அந்த மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றி, ஏறக்குறைய 800 கிலோமீட்டர் கொண்டுபோய், மறுபடி 60 ஹெர்ட்ஸாக மாற்றுகிறார்கள். யாரும் யாரையும் தடுக்க நினைக்கவில்லை. முன்பு தனித்தனியாக எடுத்த முடிவுகளுக்கு இன்றும் இரண்டு பேரும் செலவு செய்கிறார்கள்.

வேறு வகையும் உண்டு. பெல்ஜியத்தில் ஒரு காலத்தில், வெண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படும் மார்ஜரினைக் கனசதுர வடிவில்தான் விற்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. வெண்ணெய் என்று நினைத்து மக்கள் ஏமாறக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம். ஜெர்மன் தயாரிப்பாளர் ஒருவர் வழக்கமான டப்பாவில் அனுப்பப்போய் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. மக்களுக்கு எது மார்ஜரின் என்று தெரிய வேண்டுமானால் லேபிள் போதும், வடிவத்தைக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை என்று 1982-இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் கவனித்த ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெல்ஜியத்தில் மார்ஜரின் விலை சில அண்டை நாடுகளைவிட அதிகம், அப்படியிருந்தும் வெளிநாட்டு மார்ஜரின் அங்கே அநேகமாக இல்லவே இல்லை. விதியின் வாசகத்தில் வெளிநாடு என்ற சொல் இருக்காது. ஆனால் அதன் விளைவு கடை அலமாரியில் தெரியும்.

உங்கள் விஷயத்தில் இது எந்த வகை என்று தெரிய, இறக்குமதியாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதே சான்றை அந்த நாட்டுத் தயாரிப்பாளர்களும் வாங்க வேண்டுமா? அவர்களுக்கு எத்தனை நாளில் கிடைக்கிறது, வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு எத்தனை நாள் ஆகிறது? முதல் கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் பதில் வந்தால் சண்டையை விட்டுவிட்டுச் சான்றை வாங்குங்கள். வித்தியாசம் இருந்தால் உங்கள் கையில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது.

1995 முதல் நடைமுறையில் உள்ள, உலக வர்த்தக அமைப்பின் தொழில்நுட்பத் தடைகள் குறித்த ஒப்பந்தம்தான் அது. தொழிலில் உள்ளவர்கள் டிபிடி ஒப்பந்தம் என்பார்கள். அந்த அமைப்பில் இன்று 166 உறுப்பினர்கள். உங்கள் இரண்டு நாடும் அதில் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக எல்லாரும் எடுத்துச் சொல்வது 2.2 பிரிவை. தேவைக்கு மேல் வணிகத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது அது. நல்ல பிரிவுதான், ஆனால் அரசுகள் வாதாடுவதற்கு உரியது. உங்களைப் போன்றவருக்கு அன்றாடம் உதவுவது 5.2. விண்ணப்பம் வந்ததும் ஆவணங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று உடனே பார்த்து, குறைகள் அத்தனையையும் துல்லியமாக, முழுமையாக விண்ணப்பதாரருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அது. ஒரு குறையைச் சொல்லி, அதைச் சரிசெய்ததும் இன்னொன்றைச் சொல்லி இழுத்தடிக்கும் பழக்கத்துக்கு எதிரான வரி. கேட்டால் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஏன் தாமதம் என்றும் சொல்ல வேண்டும். புகாரைக் கேட்டுச் சரிசெய்ய ஒரு முறையும் இருக்க வேண்டும். நீங்கள் எழுதும் கடிதத்தில் கோபத்தைவிட இந்தப் பிரிவின் எண் அதிகம் வேலை செய்யும். அனுபவத்தில் சொல்கிறேன்.

அவகாசம் பற்றியும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. விதி வெளியான பின் ஏற்றுமதியாளர்கள் தயாராக நியாயமான இடைவெளி தர வேண்டும் என்கிறது 2.12. சாதாரணமாக அது ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது என்று 2001-இல் தோஹாவில் உறுப்பு நாடுகள் தெளிவுபடுத்தின. அவசரப் பாதுகாப்புப் பிரச்சினை என்றால் இதற்கு விலக்கு உண்டு, மின்விசிறிக்கு அப்படி ஒரு அவசரம் இருந்ததா என்று கேட்கலாம். நான் மூன்று தேதிகளை எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

உங்கள் அரசிடம் போக வேண்டுமா? கட்டாயம் போங்கள். ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் 'எங்கொயரி பாயின்ட்' என்று ஒரு தகவல் மையம் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் 10-ஆம் பிரிவு. அங்கே உள்ள அதிகாரிகளுக்கு உங்கள் 1,200 விசிறிகள் நிற்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும். எழுத்தில் வாங்கிய மறுப்பு, விதியின் நகல், தேதிகள், இவற்றோடு இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். உங்களைப் போல் நின்றவர்கள் இன்னும் நான்கு பேர் இருந்தால் சேர்ந்து எழுதுங்கள். ஆனால் அதையே நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இறைச்சிக்குப் பிறந்த நாட்டின் பெயரை லேபிளில் போட வேண்டும் என்ற அமெரிக்க விதியை எதிர்த்து அண்டை நாடான கனடா 2008 டிசம்பரில் முறையிட்டது, மெக்சிகோவும் சேர்ந்துகொண்டது. இருவரும் வென்றார்கள். மாட்டிறைச்சிக்கும் பன்றியிறைச்சிக்கும் அந்த விதி நீங்கியது 2015 டிசம்பரில். ஏழு வருடம். அரசுகளால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியும், சின்னப் பட்டறையால் முடியாது.

அரசு செய்யக்கூடியதில் எனக்கு உண்மையிலேயே பெரிதாகப் படுவது பரஸ்பர அங்கீகாரம். உன் ஆய்வகத்தை நான் நம்புகிறேன், என் ஆய்வகத்தை நீ நம்பு என்ற ஒப்பந்தம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1998 மே முதல் இதைவிட ஒரு படி மேலே இருக்கின்றன. ஒரு நாட்டில் சட்டப்படி விற்கக்கூடிய பொருளை, சில விலக்குகள் தவிர, மற்றதிலும் விற்கலாம். ஆனால் இந்த நம்பிக்கையைப் பராமரிக்கவும் வேண்டும். சுவிட்சர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. அதில் மருத்துவக் கருவிகள் பகுதி புதுப்பிக்கப்படாததால், ஒன்றியத்தின் புதிய விதி நடைமுறைக்கு வந்த 2021 மே 26 முதல் சுவிஸ் தயாரிப்பாளர்கள் அண்டை நாட்டில் விற்க அங்கே ஒரு பிரதிநிதியை நியமித்து, லேபிளிலும் அவர் பெயரைப் போட வேண்டியதாயிற்று. கருவிகளில் எதுவும் மாறவில்லை. உங்கள் இரு நாட்டுக்கும் நடுவே ஏதாவது ஒப்பந்தம் இருந்தால், அதன் பட்டியலில் மின்சாதனங்கள் இருக்கின்றனவா என்று தகவல் மையத்திடம் முதல் கடிதத்திலேயே கேளுங்கள்.

சரி, அடுத்த சரக்குக்கு என்ன வழி? மின்சாதனங்களின் சோதனைக்கும் சான்றுக்குமான ஐஇசியின் அமைப்பு ஐஇசிஇஇ. அது நடத்தும் சிபி திட்டத்தைப் பாருங்கள். அதில் சேர்ந்த ஒரு ஆய்வகத்தில் ஒருமுறை முழுச் சோதனை செய்தால், மற்ற உறுப்பு நாடுகளின் சான்று அமைப்புகள் அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு, மீதி உள்ளதை மட்டும் பார்த்துத் தங்கள் சான்றைத் தரும். இரண்டு எச்சரிக்கை. பக்கத்து நாடு அந்தத் திட்டத்தில் மின்விசிறி வகைக்கு உறுப்பாக இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். சோதனைக்குக் கொடுக்கும்போதே அந்த நாட்டின் தேசிய மாறுபாடுகளையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்ல மறந்தவர்கள் அதே சாம்பிளோடு இரண்டாம் முறை வரிசையில் நின்றிருக்கிறார்கள். சிபி சான்று மட்டும் சரக்கை எல்லை தாண்டவிடாது, அது அந்த நாட்டுச் சான்றை வாங்குவதற்கான குறுக்குவழி, அவ்வளவே. விதி தொழிற்சாலை ஆய்வும் கேட்டால் அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள்.

இந்த முறை விதி வந்தது உங்களுக்குச் சரக்கு நின்றபிறகுதான் தெரிந்தது. அது இனி நடக்க வேண்டியதில்லை. நாடுகள் இப்படிப்பட்ட விதிகளை வரைவாக இருக்கும்போதே உலக வர்த்தக அமைப்புக்கு அறிவிக்க வேண்டும், கருத்துச் சொல்லக் குறைந்தது 60 நாள் தருவது நல்லது என்று டிபிடி குழுவே பரிந்துரைத்திருக்கிறது. இ-பிங் என்ற இலவசச் சேவையில் பதிந்து, உங்கள் பொருளையும் அந்த நாட்டையும் குறித்துவிட்டால் அறிவிப்பு உங்கள் மின்னஞ்சலுக்கே வரும். பத்து நிமிட வேலை.

இப்போது நிற்கும் சரக்குக்குத் தேதி விலக்கு பொருந்தவில்லை என்றால், அங்கேயே சாம்பிள் எடுத்துச் சோதிக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் எத்தனை நாள் ஆகும், அதுவரை கிடங்குக் கட்டணம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். அது சரக்கைத் திருப்பி எடுத்துவரும் செலவைத் தாண்டினால் திருப்பி எடுத்துவிடுங்கள். மனசுக்கு ஒப்பாது, ஆனாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். செலவை யார் ஏற்பது என்று இறக்குமதியாளரோடு இன்றைக்கே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் ஏறியபிறகு அந்தப் பேச்சு கசப்பாகும்.

எழுத்து மூலமான மறுப்பு கைக்கு வந்ததும் அதன் நகலையும், உங்கள் சோதனை அறிக்கையின் முதல் பக்கத்தையும், ஆய்வகத்தின் அங்கீகார இணைப்பையும் எனக்கு அனுப்புங்கள். எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.